பார்க்காத அலை இல்லாத அலையா? ஒளியிழையில் ராட்சத அலைகளும் மீத்திறன் கணினியும்



அறிவியல் சார்ந்த கட்டுரை என்றாலே நம் மாணவர்கள் கைப்பேசியின் நன்மை தீமை, இணையத்தின் பயன்கள் என்று இரண்டு மூன்று தலைப்புகளுக்குள் நின்றுவிடுகிறார்கள். கருத்துணர்தல் பகுதியில் கொஞ்சம் புதிதாக ஓர் அறிவியல் பனுவல் வந்துவிட்டால், "டீச்சர், இது சயன்ஸ் பேப்பரா, தமிழ் பேப்பரா?" என்று கேட்கிறார்கள். அதனால்தான் இந்த முறை வழக்கமான தலைப்புகளை விட்டுவிட்டு, பலரும் கேள்விப்பட்டிராத ஒன்றை எடுத்திருக்கிறேன். நான் தமிழாசிரியர், இயற்பியல் ஆசிரியர் அல்ல. ஆகவே சமன்பாடுகள் எதுவும் வராது. படிவம் 4 மாணவர் ஒருவர் தைரியமாகப் படிக்கலாம்.

கட்டுரை முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வரும். ஒன்றை நாம் பார்த்ததே இல்லை என்பதால், அது இல்லை என்று சொல்லிவிடலாமா?

1. கடலில் தொடங்கிய கேள்வி

கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, ஆனாலும் கப்பல் சமாளிக்கிறது. திடீரென்று மற்ற அலைகளைவிட இரண்டு மடங்கு உயரத்தில் ஒரே ஓர் அலை எழுந்து கப்பலில் மோதுகிறது. அடுத்த நிமிடம் அந்த அலையைக் காணோம். மாலுமிகள் பல தலைமுறைகளாக இப்படிச் சொல்லி வந்தார்கள். கரையில் இருந்தவர்கள் பெரும்பாலும் அதைக் கடல் கதை என்றே எடுத்துக்கொண்டார்கள். இத்தகைய அலையை நேருக்கு நேர் சந்தித்தவர்களில் பலர் திரும்பி வந்து சாட்சி சொல்லவும் இல்லை.

1978 டிசம்பரில் 'மியூன்சென்' என்ற ஜெர்மானியச் சரக்குக் கப்பல் வட அட்லாண்டிக் கடலில் மறைந்துபோனது. நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்டிருந்த அதன் உயிர்காப்புப் படகு ஒன்று பின்னர் மீட்கப்பட்டது. படகைத் தாங்கிய உலோக முளைகள் வளைந்திருந்தன. அவ்வளவு உயரத்தில் எது வந்து மோதியிருக்கும்? ராட்சத அலையாக இருக்கலாம் என்பது பலருடைய கருத்து. பார்த்துச் சொல்லத்தான் யாரும் மிஞ்சவில்லை.

1995 ஜனவரி 1-ஆம் நாள் நிலைமை மாறியது. நார்வேக்கு அருகே வடகடலில் 'டிராப்னர்' என்ற எரிவாயு மேடை இருக்கிறது. அந்த மேடையிலிருந்து கீழே கடலை நோக்கி லேசர் அளவுக்கருவி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அன்று அடித்த புயலில் பெரிய அலைகளின் உயரம் ஏறக்குறைய 12 மீட்டர். அவற்றுக்கு நடுவே 25.6 மீட்டர் உயரத்தில் ஓர் அலை பதிவானது. யாருடைய நினைவையும் நம்ப வேண்டிய தேவை இல்லாமல், கருவியே சாட்சி சொன்னது.

இங்கே சொல் பற்றி ஒரு குறிப்பு. நம் மாணவர்களுக்குப் 'பேரலை' என்றதும் 2004 டிசம்பர் 26-இல் பினாங்கையும் கெடாவையும் தாக்கிய சுனாமிதான் நினைவுக்கு வரும். செய்தித்தாள்கள் சுனாமியை 'ஆழிப்பேரலை' என்று எழுதுகின்றன. இரண்டும் வேறு. சுனாமி கடலடி நிலநடுக்கம் போன்ற ஒரு பெரிய காரணத்தால் வருவது. நடுக்கடலில் அதன் உயரம் குறைவு, கரையை நெருங்கும்போதுதான் உயரும். நாம் பேசுவது நடுக்கடலிலேயே, குறிப்பிட்ட பெரிய காரணம் எதுவும் கண்ணுக்குத் தெரியாமல், சாதாரண அலைகளுக்கு நடுவில் எழுந்து அடங்கும் தனி அலை. குழப்பம் வராமல் இருக்க, இக்கட்டுரையில் இதை 'ராட்சத அலை' என்றே குறிப்பிடுகிறேன்.

எவ்வளவு அரிது? ஓர் இடத்தின் அலைகளில் மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கை எடுத்து அவற்றின் சராசரி உயரத்தைக் கணக்கிடுவார்கள். அந்தச் சராசரியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போனால் அது ராட்சத அலை. எளிய புள்ளியியல் கணக்குப்படி, ஏறக்குறைய 3000 அலைகளில் ஒன்று அப்படி வரும். 10 விநாடிக்கு ஓர் அலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 3000 அலைகளைப் பார்க்க 8 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அதுவும் புயல் அவ்வளவு நேரம் மாறாமல் இருக்க வேண்டும். நாமும் அதே இடத்தில் கருவியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். நடக்கிற காரியமா?

2. கடலுக்குப் பதிலாகக் கண்ணாடி

இங்கேதான் ஒளியிழை உள்ளே வருகிறது. நம் வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் அதே வகைக் கண்ணாடி இழைதான். தலைமுடி அளவுக்கு மெல்லியது. அதற்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது.

கடல் நீருக்கும் கண்ணாடிக்குள் ஓடும் ஒளிக்கும் என்ன உறவு? 1968-இல் சோவியத் இயற்பியலாளர் விளாடிமிர் சகாரோவ், ஆழ்கடல் அலைக்கூட்டம் காலப்போக்கில் எப்படி உருமாறும் என்பதற்கு ஒரு சமன்பாட்டைத் தந்தார். 1973-இல் அகிரா ஹசேகவாவும் ஃபிரெடெரிக் டாப்பெர்ட்டும் ஒளியிழைக்குள் ஒளித்துடிப்பு எப்படி உருமாறும் என்று ஆராய்ந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்ததும் அதே வடிவச் சமன்பாடு. நீர் வேறு, கண்ணாடி வேறு, கணக்கு ஒன்று.

அந்தக் கணக்கில் இரண்டு குணங்கள் மோதிக்கொள்கின்றன.

முதலாவது, பரவல். பள்ளி விளையாட்டுப் போட்டியில் எல்லா ஓட்டக்காரர்களும் ஒரே கோட்டிலிருந்து ஒன்றாகத்தான் கிளம்புகிறார்கள். நேரம் ஆக ஆக, வேகமானவர் முன்னே, மெதுவானவர் பின்னே என்று வரிசை நீண்டுவிடுகிறது. ஒரு குறுகிய ஒளித்துடிப்புக்குள்ளும் பல நிறங்கள் இருக்கின்றன. கண்ணாடிக்குள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு வேகம். அதனால் துடிப்பு விரிந்துகொண்டே போகும்.

இரண்டாவது, ஒளியே தன் பாதையை மாற்றிக்கொள்வது. ஒளி மிகச் செறிவாக இருந்தால், அது செல்லும் இடத்தில் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சற்றே கூடுகிறது. செறிந்த பகுதி ஒரு விதமாகவும், மங்கிய பகுதி வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். இதனால் சில சூழல்களில் துடிப்பு தன்னைத்தானே இறுக்கிக்கொள்கிறது.

ஒன்று விரிக்கிறது, மற்றொன்று இறுக்குகிறது. இரண்டும் சமமானால், உருவம் கலையாமல் ஓடும் 'தனியலை' பிறக்கும். சமநிலை தவறி, ஒரு சிறு மேடு தன் பக்கத்து அலைகளின் ஆற்றலையும் இழுத்துக்கொண்டு வளர்ந்தால்? ராட்சத அலை பிறக்கலாம்.

ஆய்வாளர்களுக்கு இதில் உள்ள வசதியைப் பாருங்கள். கடலில் 10 விநாடிக்கு ஓர் அலை. விநாடிக்கு 20 மில்லியன் துடிப்புகள் தரும் லேசர் ஒன்று மேசை மேல் இருந்தால், 3000 துடிப்புகள் ஒரு விநாடியின் ஐயாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரத்தில் கடந்துவிடும். புயலும் வேண்டாம், கப்பலும் வேண்டாம், யாருடைய உயிருக்கும் ஆபத்தில்லை.

3. 2007-இல் என்ன பார்த்தார்கள்?

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் டேனியல் சோல்லி, பஹ்ராம் ஜலாலி உள்ளிட்ட குழுவினர் 2007 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே நிற லேசர் துடிப்பைச் சிறப்பு வகை ஒளியிழைக்குள் செலுத்தினால், மறுமுனையில் அது பல நிறங்களாக விரிந்து வெளிவரும். அவர்கள் ஒரே மாதிரியான துடிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினார்கள். வெளிவந்த ஒளியில் நீண்ட அலைநீளம் கொண்ட பகுதியை மட்டும் வடிகட்டிப் பார்த்தார்கள்.

பெரும்பாலான துடிப்புகளில் அந்தப் பகுதியில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆனால் மிகச் சில துடிப்புகள் அங்கே பிரமாண்டமாக எழுந்து நின்றன. உள்ளே போனவை எல்லாம் ஒரே மாதிரி. வெளியே வந்தவற்றில் ஒன்றிரண்டு மட்டும் ராட்சதம்.

இவ்வளவு வேகமான ஒளியை அளப்பதே பெரிய பாடு. சாதாரண உணர்கருவிகள் பல துடிப்புகளைச் சேர்த்துச் சராசரியாகத்தான் காட்டும். சராசரியில் ராட்சதம் கரைந்துபோகும். அதனால் அவர்கள் ஒவ்வொரு துடிப்பின் நிறங்களையும் நேரத்தில் இழுத்து நீட்டி, ரப்பர் பட்டையை இழுத்து அதில் எழுதியதைப் படிப்பதுபோல், ஒவ்வொன்றாகப் படித்தார்கள்.

4. ஆய்வகம் இருக்கும்போது கணினி எதற்கு?

நியாயமான கேள்வி. லேசர் விநாடிக்குப் பல மில்லியன் துடிப்புகள் தருகிறது. கணினியோ ஒரு துடிப்பின் பயணத்தைக் கணக்கிடவே நேரம் எடுக்கும். அப்புறம் ஏன் கணினி?

ஏனென்றால், ஆய்வகத்தில் நாம் பார்ப்பது முடிவை மட்டும்தான். இழையின் நடுவே என்ன நடந்தது என்று பார்க்க வேண்டுமானால் இழையை வெட்ட வேண்டும். வெட்டினால் அந்தத் துடிப்பின் கதை அங்கேயே முடிந்துவிடும். அதைவிட முக்கியமான தடை ஒன்று இருக்கிறது. 'ஒரே மாதிரி' என்று சொன்னோமே, அந்தத் துடிப்புகள் நூற்றுக்கு நூறு ஒரே மாதிரி அல்ல. ஒவ்வொன்றிலும் மிக நுண்ணிய, தற்செயலான இரைச்சல் கலந்திருக்கிறது. 'இரைச்சல்' என்றால் இங்கே சத்தம் இல்லை. ஒளியில் இயல்பாக இருக்கும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம். அந்த இரைச்சல்தான் ராட்சத அலைக்கு விதை என்று சந்தேகம். ஆனால் கடந்துபோன துடிப்பின் இரைச்சலை மறுபடி கொண்டுவர முடியாது.

கணினியில் முடியும். இதைத்தான் உருவகப்படுத்துதல், அதாவது சிமுலேஷன், என்கிறோம். வேலை இப்படி நடக்கும்:

1. லேசர் துடிப்பின் வடிவத்தை எண்களாக எழுதுவார்கள். துடிப்பின் நீளத்தைப் பல ஆயிரம் புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒளி எவ்வளவு என்று குறிப்பார்கள்.

2. அதன் மேல் தற்செயல் எண்களால் ஆன நுண்ணிய இரைச்சலைச் சேர்ப்பார்கள். இந்தத் தற்செயல் எண்களைப் பிறப்பிக்கும் தொடக்க எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வார்கள். இதுதான் 'விதை எண்'. அதே விதை எண்ணைக் கொடுத்தால் அதே இரைச்சல் மீண்டும் வரும்.

3. இழையை மிகச் சிறு துண்டுகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு துண்டிலும் முதலில் பரவலை மட்டும் கணக்கிடுவார்கள். பிறகு ஒளியின் செறிவால் வரும் மாற்றத்தை மட்டும் கணக்கிடுவார்கள். துண்டு போதுமான அளவு சிறியதாக இருந்தால், இப்படிப் பிரித்துச் செய்வதால் வரும் பிழை மிகக் குறைவு.

4. மறுமுனை வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் துடிப்பு எப்படி இருந்தது என்பது சேமிக்கப்படும்.

5. பிறகு விதை எண்ணை மாற்றி, முதலிலிருந்து தொடங்குவார்கள்.

ராட்சத அலை வந்துவிட்டதா? அதன் விதை எண்ணை எடுத்து மீண்டும் ஓடவிடலாம். எந்த மீட்டரில் அது பிறந்தது, எதன் ஆற்றலை விழுங்கியது என்று பின்னோக்கிப் பார்க்கலாம். கடலும் ஆய்வகமும் தராத வசதி இது.

5. எத்தனை முறை ஓட்ட வேண்டும்?

மாணவர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான பகுதி இதுதான். ராட்சத அலை 10,000 துடிப்புகளில் ஒரு முறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

1000 முறை ஓட்டினால், ஒரு ராட்சத அலைகூடக் கண்ணில் படாமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 90 விழுக்காடு. ஆய்வாளர் உண்மையாக, கவனமாக உழைத்தும், "அப்படி ஒன்றும் இல்லை" என்று எழுதிவிடுவார்!

10,000 முறை ஓட்டினால் கட்டாயம் ஒன்று வந்துவிடும் என்று பலர் நினைப்பார்கள். வராது. அப்போதும் ஒன்றுகூட வராமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 37 விழுக்காடு.

1 லட்சம் முறை ஓட்டினால் சுமார் 10 கிடைக்கும். அதிலும் 7-ஆ 13-ஆ என்ற தடுமாற்றம் இருக்கும்.

10 லட்சம் முறை, அதாவது 1 மில்லியன் முறை, ஓட்டினால் சுமார் 100 கிடைக்கும். தடுமாற்றம் 10 அளவில் நிற்கும். இப்போதுதான் "இது இவ்வளவு அரிது" என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடியும்.

ஒரு முறை ஓட்ட 1 நிமிடம் ஆகிறது என்றால், 1 மில்லியன் நிமிடம் என்பது ஏறக்குறைய 694 நாள். இரண்டு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே கணினியை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. மீத்திறன் கணினி என்பது ஒரே ஒரு வேகமான கணினி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது ஆயிரக்கணக்கான செயலிகள் ஒன்றாக உழைக்கும் கூடம். 1000 செயலிகளுக்குப் பங்கிட்டால் அதே வேலை 17 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

தேர்வு விடைத்தாள் திருத்தும் பணியை நினைத்துப் பாருங்கள். ஓர் ஆசிரியர் தம் கட்டைத் திருத்தி முடிக்க, பக்கத்து ஆசிரியர் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தாளும் தனித்தனி. ஆள் கூடினால் வேலை அந்த அளவுக்கு விரைவாக முடியும். இந்த உருவகப்படுத்துதலும் அப்படித்தான். ஒரு துடிப்பின் கணக்குக்கும் அடுத்த துடிப்பின் கணக்குக்கும் தொடர்பு இல்லை. அதனால்தான் மீத்திறன் கணினிக்கு இது மிகப் பொருத்தமான வேலை.

6. கணினி சொன்ன செய்திகள்

2008-இல் பிரான்சின் பெசான்சோன் நகரைச் சேர்ந்த ஜான் டட்லி, பின்லாந்தின் கோயெரி ஜென்டி, சிட்னியின் பெஞ்சமின் எகில்டன் மூவரும் வெவ்வேறு இரைச்சலுடன் 1000 உருவகப்படுத்துதல்களை ஓட்டி ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவை ஒன்றுபோல் முடிய, சில மட்டும் நீண்ட அலைநீளப் பக்கம் வெகுதூரம் விலகிப் போயின. தொடக்கத்தில் இருந்த இரைச்சலின் வேறுபாடே இந்த முடிவுக்கு இட்டுச் சென்றது. இன்னொன்றையும் காட்டினார்கள். தொடக்கத் துடிப்பின் மேல் சரியான ஒரு சிறு அதிர்வை வேண்டுமென்றே சேர்த்தால், ராட்சத அலையின் போக்கைக் கட்டுப்படுத்தலாம். தற்செயல் விதையின் இடத்தில் நாமே ஒரு விதையைப் போடுவதுபோல.

கணிதத்திலிருந்தும் ஒரு செய்தி வந்தது. 1983-இல் ஹோவெல் பெரெக்ரின் என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர், நாம் மேலே பார்த்த சமன்பாட்டுக்கு ஒரு விசித்திரமான தீர்வு கண்டார். சமதளம் போன்ற அலைத்தொடரிலிருந்து எழுந்து, சுற்றியுள்ள அலையைப்போல் 3 மடங்கு வீச்சை அடைந்து, மறுபடி மறைந்துபோகும் அலை அது. ஒளியில் 3 மடங்கு வீச்சு என்றால் 9 மடங்கு செறிவு. 27 ஆண்டுகள் அது தாளிலேயே இருந்தது. 2010-இல் ஒளியிழையில் அதைப் பார்த்தார்கள். 2011-இல் நீர்த்தொட்டியிலும் உண்டாக்கிக் காட்டினார்கள். கவனியுங்கள்: நீர் அலைக்காக எழுதிய தீர்வு முதலில் கண்ணாடிக்குள்தான் சிக்கியது.

2018-இல் இன்னொரு படி முன்னேறினார்கள். ஏராளமான உருவகப்படுத்துதல்களின் முடிவுகளைக் கொண்டு ஒரு செயற்கை நரம்பு வலையமைப்பைப் பழக்கினார்கள். நிறங்களின் விரிவை மட்டும் காட்டினால், இழைக்குள் உச்சச் செறிவு எவ்வளவு எழுந்திருக்கும் என்று அது கணித்துச் சொன்னது. நேரில் அளக்கக் கடினமான ஒன்றை, அளக்க எளிதான ஒன்றிலிருந்து கண்டுபிடிக்கும் வழி இது.

7. உவமையா, உருவகமா?

'உருவகம்' என்ற சொல்லைப் பார்த்ததும் மாணவர்களுக்கு அணியிலக்கணம் நினைவுக்கு வந்திருக்கும். நல்லது, அதையே பயன்படுத்துவோம். 'தாமரை முகம்' என்றால் உவமை. தாமரை போன்ற முகம். 'முகத்தாமரை' என்றால் உருவகம், முகமே தாமரை. ஒளியிழை கடலுக்கு உவமையா, உருவகமா?

உவமை என்பதே சரியான விடை. ஒளியிழையில் ஒளி ஒரே திசையில் ஓடுகிறது. கடலில் அலைகள் பல திசைகளிலிருந்து வந்து குறுக்கிடும், காற்று அடிக்கும், அலை உடைந்து நுரைக்கும். 2016-இல் ஒரு குழு டிராப்னர் அலை உட்பட உண்மையான மூன்று ராட்சதக் கடல் அலைகளை ஆராய்ந்தது. ஒளியிழையில் முக்கியப் பங்கு வகிக்கும் 'சிறு மேடு ஆற்றலை இழுத்து வளரும்' முறை அந்த அலைகளுக்கு முதன்மைக் காரணமாகத் தெரியவில்லை என்று அக்குழு சொன்னது. பல அலைகளின் முகடுகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடியதும், நீரலைக்கே உரிய முகடு கூர்மையாகும் இயல்பும் சேர்ந்தாலே போதுமாம். அந்தக் குழுவில் ஒருவர், ஒளியிழை ஆய்வில் நாம் சந்தித்த அதே ஜான் டட்லி!

2019-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், எடின்பரோவில் உள்ள வட்டமான நீர்த்தொட்டியில் டிராப்னர் அலையைச் சிறிய அளவில் மீண்டும் உண்டாக்கினார்கள். ஏறக்குறைய 120 பாகைக் கோணத்தில் இரண்டு அலைக்கூட்டங்கள் குறுக்கிட்டபோதுதான் அந்த உருவம் சரியாக வந்தது. ஒரே திசையில் ஓடும் ஒளியிழையில் இப்படி ஒரு குறுக்கீட்டுக்கே வழியில்லை.

அப்படின்னா ஒளியிழை ஆய்வு வீணா? இல்லை. ஒளியிழைக்குள் எழும் ராட்சத ஒளியே தனக்கென ஒரு கேள்வி. பலநிற ஒளியைத் தரும் கருவிகளில் துடிப்புக்குத் துடிப்பு ஒளி மாறினால் அளவீடுகள் கெடும். அதைக் கட்டுப்படுத்த வேண்டும். கடலுக்கும் இந்த ஆய்வு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது: அரிய நிகழ்வைப் பற்றிப் பேசும்போது சராசரியைப் பார்க்காதே, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார், போதுமான எண்ணிக்கையில் பார். மாலுமிகளை நம்பாதவர்கள் மூடர்கள் அல்லர். அவர்கள் பார்த்த அலைகளின் எண்ணிக்கை போதவில்லை, அவ்வளவுதான். அந்தப் போதாமையின் விலையைக் கொடுத்தவர்கள் கப்பலில் இருந்தவர்கள்.

8. வகுப்பில் செய்து பார்க்க

ஆசிரியர்களே, கணினி இல்லாமலே இதை 20 நிமிடத்தில் செய்து காட்டலாம். ஒவ்வொரு மாணவருக்கும் 3 பகடைக் காய்கள் கொடுங்கள். மூன்றிலும் 6 விழுந்தால் அது 'ராட்சத அலை'. அதற்கான வாய்ப்பு 216-இல் ஒன்று. 36 மாணவர்கள் ஆளுக்கு 6 முறை வீசினால் மொத்தம் 216 வீச்சுகள்.

வீசும் முன், எத்தனை ராட்சத அலைகள் வரும் என்று ஒவ்வொருவரும் எழுதி வைக்கட்டும். பெரும்பாலானோர் "ஒன்று" என்று எழுதுவார்கள். ஆனால் ஒன்றுகூட வராமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 37 விழுக்காடு. மேலே பார்த்த அதே எண்! வராவிட்டால் "இல்லை என்று முடிவு செய்யலாமா?" என்று கேளுங்கள். விவாதம் தானாகவே சூடு பிடிக்கும். மாணவர் குறைவாக இருந்தால் வீச்சுகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். இங்கே ஒவ்வொரு மாணவரும் ஒரு செயலி. வகுப்பறையே மீத்திறன் கணினி.

9. கலைச்சொற்கள்

ஒளியிழை – ஒளியைக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழை.
துடிப்பு – மிகக் குறுகிய நேரம் மட்டும் நீடிக்கும் ஒளி வீச்சு.
பரவல் – நிறத்துக்கு நிறம் வேகம் மாறுவதால் துடிப்பு விரிவது.
தனியலை – உருவம் கலையாமல் நெடுந்தூரம் செல்லும் அலை.
இரைச்சல் – தற்செயலான நுண்ணிய ஏற்ற இறக்கம்.
உருவகப்படுத்துதல் – உண்மை நிகழ்வைக் கணக்குகளால் கணினியில் நடத்திப் பார்ப்பது.
மீத்திறன் கணினி – பல்லாயிரம் செயலிகள் இணைந்து இயங்கும் சூப்பர் கம்ப்யூட்டர்.

10. பயிற்சி வினாக்கள்

1. ராட்சத அலைக்கும் சுனாமிக்கும் உள்ள இரண்டு வேறுபாடுகளை எழுதுக.
2. டிராப்னர் மேடையில் கிடைத்த பதிவு ஏன் முக்கியமானது?
3. ஆய்வகச் சோதனையில் முடியாத எவற்றைக் கணினி உருவகப்படுத்துதல் செய்ய முடிகிறது?
4. "ஒளியிழை கடலுக்கு உவமை, உருவகம் அன்று." இக்கூற்றைப் பனுவலின் துணைகொண்டு விளக்குக.
5. பகுதி 5-இல் உள்ள கருத்துகளை 80 சொற்களுக்குள் தொகுத்து எழுதுக.
6. 'காணாதது இல்லாதது ஆகுமா?' என்ற தலைப்பில் கருத்து விளக்கக் கட்டுரை ஒன்று எழுதுக.

விடை எழுதுவோருக்குச் சில குறிப்புகள். வினா 2-க்கு "பெரிய அலை பதிவானது" என்று மட்டும் எழுதினால் முழு விடை ஆகாது; மனித நினைவைச் சாராமல் கருவி பதிவு செய்தது என்ற காரணம் வர வேண்டும். வினா 3-க்கு இழையின் நடுவே பார்ப்பது, அதே இரைச்சலை மீண்டும் ஓட்டுவது ஆகிய இரண்டும் தேவை. வினா 5-இல் எண்கள் எல்லாவற்றையும் அடுக்க வேண்டாம். முயற்சிகள் குறைவாக இருந்தால் அரிய நிகழ்வு தவறிப்போகும் என்பதும், தனித்தனி வேலைகளைப் பல செயலிகள் பகிர்ந்துகொள்ளலாம் என்பதும் இருந்தால் போதும். வினா 6-க்கு அலையைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்பதில்லை. நோய், வெள்ளம், சாலை விபத்து என்று உங்களுக்குத் தெரிந்த எடுத்துக்காட்டைத் தாராளமாகக் கொடுக்கலாம். "இதுவரை இங்கே அப்படி நடந்ததே இல்லை" என்று யாராவது சொன்னால், "எத்தனை முறை பார்த்தீர்கள்?" என்று பணிவோடு கேட்கும் துணிவு உங்கள் கட்டுரையில் இருந்தால், நீங்கள் இப்பனுவலைச் சரியாகப் புரிந்துகொண்டீர்கள் என்று பொருள்.

வகுப்பில் பகடை வீசிப் பார்த்த ஆசிரியர்கள், எத்தனை ராட்சத அலைகள் வந்தன என்பதைச் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். எல்லா வகுப்புகளின் எண்ணிக்கையையும் கூட்டினால், தனி வகுப்பில் தெரியாத விடை நமக்குத் தெரிய வரும்.